முதலில் எந்த ஆய்வுக்கட்டுரை? டர்பன் வாசிப்பு வட்டத்திற்காக ஓர் ஒப்பீடு

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர், மாதம் ஒருமுறை சாட்ஸ்வர்த்தில் கூடிக் கணினி அறிவியலின் முக்கியமான ஆய்வுக்கட்டுரைகளைச் சேர்ந்து படிப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். எதில் தொடங்குவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வருவதாகச் சொன்னவர்களில் பலர் உம்லாங்கா, வெஸ்ட்வில் பக்கத்து அலுவலகங்களில் சில்லறை வணிகத்துக்கும் காப்பீட்டுக்கும் துறைமுகச் சரக்குக் கணக்குக்கும் நிரல் எழுதுகிறவர்கள். மற்றவர்கள் மாணவர்கள், அல்லது குறுகிய காலப் பயிற்சி முடித்து நேரே வேலையில் சேர்ந்த தம்பி தங்கைகள். எல்லோருக்கும் கணிதப் பழக்கம் ஒரே அளவில் இல்லை. வேலை நாளில் படிக்கக் கிடைப்பதோ இரவு உணவுக்குப் பிந்தைய நேரம்தான். முதல் கட்டுரை ஆளைச் சோர்வடையச் செய்துவிட்டால் இரண்டாம் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதால், இந்தத் தேர்வில் அக்கறை காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

புகழை அளவுகோலாக வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒரு கட்டுரையை எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்கு அது எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்லும். காலையில் அலுவலகத்துக்குப் போய் வேறொருவர் எழுதிய நிரலைத் திறந்து பார்க்கும் நமக்கு அது என்ன தரும் என்பதைச் சொல்லாது. நான் கேட்கும் கேள்விகள் வேறு. கட்டுரை தீர்க்க முயலும் சிக்கலை வாசகர் ஏற்கெனவே தம் வேலையில் சந்தித்திருக்கிறாரா? ஆசிரியர் தம் முடிவை மட்டும் அறிவிக்கிறாரா, அல்லது தள்ளிவிட்ட வழியையும் பக்கத்தில் வைத்து ஏன் தள்ளினார் என்று காட்டுகிறாரா? படித்ததை மறுநாளே சொந்த நிரலில் உரசிப் பார்க்க முடியுமா? இவற்றில் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன், ஏனெனில் முடிவுகள் பழசாகிப்போகும், ஆனால் ஒரு முடிவை எடைபோடும் முறை பழசாவதில்லை.

இந்த அளவில் சில பெரிய பெயர்கள் உடனே பின்னுக்குப் போகின்றன. இயந்திரத்தால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். ஆனாலும் அதன் 36 பக்கங்களில் கணிசமான பகுதி, இயந்திர அட்டவணைகளைப் பழைய ஜெர்மானிய எழுத்துருக் குறியீடுகளில் எழுதிக் காட்டுவதிலேயே செல்கிறது. வழிகாட்டும் உரை ஒன்றோடு தனியாக, நிதானமாகப் படிக்க வேண்டியது அது. கிளாட் ஷானன் 1948-இல் இரண்டு இதழ்களில் வெளியிட்ட தகவல் கோட்பாடும் அப்படியே. நிரலின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவச் செய்யும் கோட்டூ கட்டளைக்கு எதிராக டைக்ஸ்ட்ரா 1968-இல் எழுதிய கடிதம் சுருக்கமானது, எளிதானது. ஆனால் அந்த வாதம் வென்று எத்தனையோ காலமாகிவிட்டது, இன்றைய மொழிகளில் வளர்ந்தவர்களுக்கு அதில் போராட எதுவும் மிச்சமில்லை.

இளையவர்கள் மிகவும் விரும்பிக் கேட்பது, 2017-இல் கூகுளைச் சார்ந்த எட்டுப் பேர் டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரையை. இன்று எல்லோரும் பேசும் மொழி மாதிரிகளுக்கு அதுதான் பிறப்பிடம் என்பதால் அந்த ஆவல் நியாயமானது. ஆனால் அது தனக்கு முன்னால் வந்த இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுகளைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. எட்டு ஜிபியுக்களில் (ஒரே நேரத்தில் பல கணக்குகள் போடும் சில்லுகள்) மூன்றரை நாள் பயிற்சி கொடுத்தால் ஆங்கிலம்–ஜெர்மன் மொழிபெயர்ப்பில் என்ன மதிப்பெண் வருகிறது என்று அது அளந்து காட்டுகிறது. இந்த அமைப்பு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதில் சோதனை முடிவுகளே சான்று. அணிக் கணிதம் கைவந்தவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். வட்டம் முழுவதற்குமான தொடக்கமாக அது பொருந்தாது.

உண்மையான போட்டி ஐந்து கட்டுரைகளுக்கு இடையில்தான்.

டைனமோ பற்றிய 2007-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆதரவு அதிகம். அமேசான் கடையின் பின்னால் இருந்த தரவுச் சேமிப்பு முறையை அது விவரிக்கிறது. நம்மில் பலர் தினமும் அமேசானின் மேகச் சேவையில் வேலை பார்க்கிறோம். போதாததற்கு, அந்த மேகச் சேவையில் கணினிகளை வாடகைக்குத் தரும் இசி2 பகுதியை முதலில் உருவாக்கியது நம் கேப் டவுனில் இருந்த குழு என்பதில் இங்குள்ளவர்களுக்கு ஒரு பெருமிதமும் உண்டு. கட்டுரையின் பலம் அதன் நேர்மை. இணைப்பு அறுந்த நேரத்திலும் வாடிக்கையாளர் கூடையில் பொருளைச் சேர்க்க முடிய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்கிறார்கள். அதன் விளைவாக ஒரே கூடைக்கு இரண்டு வடிவங்கள் உருவாகி, பிறகு அவற்றை ஒன்றுசேர்க்கும்போது, சேர்த்த பொருள் எதுவும் தொலையாது, ஆனால் நீக்கிய பொருள் திரும்பி வந்து நிற்கக்கூடும் என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். எதை வாங்குவதற்கு எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நிறுவனக் கட்டுரைகள் குறைவு. குறை என்னவென்றால், அது பல பழைய யோசனைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டடம். ஒவ்வொரு பக்கத்திலும் வாசகர் நின்று இன்னொரு கட்டுரையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அப்படித் தேடிப் போகிற பாதைகளில் முக்கியமானது லெஸ்லி லாம்போர்ட்டிடம் போய்ச் சேர்கிறது.

லாம்போர்ட் 1978 ஜூலையில் வெளியிட்ட, பரவலமைப்புகளில் (வலையில் இணைந்து வேலை செய்யும் பல கணினிகள்) காலத்தையும் நிகழ்வுகளின் வரிசையையும் பற்றிய கட்டுரை எட்டே பக்கம். இந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான கட்டுரை வேறு இல்லை என்று சொல்வேன். சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பீனிக்ஸ் கல்லாக் கணினியின் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து அரிசி விலை மாறியது என்ற செய்தி 5:02-க்குப் புறப்படுகிறது. பீனிக்ஸ் அதைப் பெற்று, புது விலையில் அடுத்த பில்லைப் போடுகிறது. அந்தப் பில்லில் 5:00 என்று பதிகிறது. பிறகு லோட்ஷெடிங் மின்வெட்டில் இரு பக்கமும் அணைந்து, மின்சாரம் திரும்பி, பதிவுகள் எல்லாம் தலைமை சர்வருக்கு வந்து நேரப்படி அடுக்கப்படும்போது, விலை மாறுவதற்கு முன்பே புது விலையில் விற்றதாகக் கணக்கு நிற்கும். இதைச் சரிசெய்யக் கணக்குப் பிரிவும் நிரலரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

லாம்போர்ட் கேட்பது, சுவர்க் கடிகாரத்தை ஏன் நம்ப வேண்டும் என்று. ஒரே கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றுக்கு வரிசை உண்டு. ஒரு செய்தியை அனுப்பியது அதைப் பெற்றதற்கு முந்தியது. இந்த இரண்டையும் கோத்துக்கொண்டே போனால் எது எதற்கு முந்தியது என்ற உறவு கிடைக்கும். இந்தக் கோவையில் இணையாத இரண்டு நிகழ்வுகளில் எது முந்தி என்ற கேள்விக்கு அந்த அமைப்புக்குள் விடையே இல்லை, இருப்பதாகப் பாவனை செய்யவும் கூடாது. ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதைக் கூட்டி, அனுப்பும் செய்தியோடு அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெறுகிறவர் தம் எண்ணை அதைவிடப் பெரிதாக உயர்த்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வழிமுறை. நம் மளிகைக் கடையில் அரிசி பில்லின் எண் விலைச் செய்தியின் எண்ணைவிடக் கட்டாயம் பெரிதாகவே இருக்கும், கடிகாரம் எவ்வளவு பிந்தினாலும் சரி. இரண்டு நிகழ்வுகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவையா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கான, கணினி ஒவ்வொன்றுக்கும் தனி எண் வைக்கும் திசையன் கடிகாரங்கள் 1980-களின் இறுதியில் வந்தன, டைனமோ பயன்படுத்துவது அவற்றைத்தான். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் பல கடலடிக் கேபிள்கள் ஒரே சமயத்தில் சேதமாகி இங்கே இணையச் சேவைகள் தடுமாறின. அந்த நாட்களில் வேலை பார்த்தவர்களுக்கு, இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையின் பிற்பாதி, உண்மையான கடிகாரங்களை எவ்வளவு நெருக்கமாக ஒத்திசைக்க முடியும் என்ற கணக்குக்குள் போய்க் கடினமாகிறது. முற்பாதியோடு நிறுத்திக்கொண்டாலும் கருத்து முழுமையாகவே கிடைக்கும்.

எட்கர் காட் 1970 ஜூனில் ஐபிஎம்மிலிருந்து வெளியிட்ட, தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறைத் தரவு மாதிரிக் கட்டுரையை, தரவுத்தள வேலையில் இருக்கும் அக்கா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து பயனரைக் காப்பாற்ற வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே காட் சொல்லிவிடுகிறார். உதிரிப் பாகங்களையும் அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்களையும் பற்றிய ஒரே தரவை ஐந்து வெவ்வேறு மரவடிவங்களில் அடுக்கிக் காட்டி, ஒரு வடிவத்துக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது என்பதை நிறுவும் பகுதி மிக அருமையானது. ஜேசன் (ஒன்றுக்குள் ஒன்றாகத் தரவை அடுக்கும் உரை வடிவம்) ஆவணங்களாகவே எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு கோணத்தில் ஓர் அறிக்கை கேட்கப்பட்டபோது திணறியவர்கள் அந்தப் பக்கங்களில் தங்கள் நிலைமையைப் பார்ப்பார்கள். அட்டவணையின் ஒரு வரியை அடையாளம் காட்டும் முதன்மைத் திறவி, இன்னொரு வரியைச் சுட்டும் அயல் திறவி ஆகிய இரண்டையும் ஏறத்தாழ நாம் இன்று சொல்லும் பொருளில் அங்கேயே வரையறுக்கிறார். ஆனால் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் ஏமாறுவார்கள், அது பிறகு 1974-இல் வந்தது. முதல் பகுதிக்குப் பிறகு குறியீடுகள் அடர்ந்துவிடுகின்றன. இது வேண்டும், ஆனால் முதலில் வேண்டாம் என்பது என் கருத்து.

கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருதுக்காகக் கென் தாம்ப்சன் ஆற்றி 1984-இல் வெளியிட்ட உரை மூன்றே பக்கம். கணிதம் துளியும் இல்லை. ஒரே இரவில் படித்து முடித்துத் தூக்கத்தைத் தொலைக்கலாம். தன்னைத் தானே அச்சிடும் நிரலில் தொடங்குகிறார். அடுத்து, செங்குத்துத் தாவல் குறிக்கு உரிய எண் 11 என்று சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டால், மூல நிரலிலிருந்து அந்த 11-ஐ எடுத்துவிட்டாலும் கம்பைலர் அதை மறக்காது என்று காட்டுகிறார். கடைசியாக, அதே வழியில் கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலுக்குள் ஒரு கள்ளவாசலை நுழைக்க முடியும், எந்த மூல நிரலைத் தேடினாலும் அதன் தடயம் அகப்படாது என்று முடிக்கிறார். 2024 மார்ச் இறுதியில் லினக்ஸ் உலகத்தை உலுக்கிய எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) கள்ளவாசலில், தீங்கான பகுதி வெளியீட்டுத் தொகுப்பின் கட்டமைப்புக் கோப்பிலும் சோதனைக் கோப்புகளிலும் ஒளிந்திருந்தது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். நாற்பது ஆண்டு இடைவெளியில் அதே எச்சரிக்கை மீண்டும் உயிர்பெற்றதை எண்ணினால் தாம்ப்சனையே முதலில் வைக்கலாமோ என்று தோன்றும். நான் தயங்குவதற்குக் காரணம், அந்த உரை நம் கண்ணைத் திறக்கிறதே தவிர, கையில் கருவி எதையும் கொடுப்பதில்லை. மறுநாள் அலுவலகத்தில் நாம் எதை மாற்றி எழுதுவோம் என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

மீதமிருப்பது டேவிட் பார்னஸ். ஒரு மென்பொருளை மாட்யூல்களாக, அதாவது தனித்தனியே எழுதக்கூடிய பகுதிகளாகப் பிரிக்க எந்த அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் 1972 டிசம்பரில் எழுதிய கட்டுரை ஆறு பக்கம். பேர் கேட்டவர்கள் குறைவு. வட்டத்தில் இதை முன்மொழிந்தபோது ஆர்வம் அதிகம் எழவில்லை, அதனால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் எடுத்துக்கொள்ளும் வேலை சின்னது. நூல் தலைப்புகள் போன்ற வரிகள் சில தரப்படும். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் போட்டுச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். கிடைக்கும் எல்லா வடிவங்களையும் அகரவரிசையில் அடுக்கி வெளியிட வேண்டும். 'நேட்டால் கரும்புத் தோட்டத் தமிழர்' என்ற தலைப்பைக் கொடுத்தால், 'கரும்புத் தோட்டத் தமிழர் நேட்டால்', 'தமிழர் நேட்டால் கரும்புத் தோட்டத்' என்று நான்கு வடிவங்கள் பட்டியலில் உரிய இடங்களில் வந்து அமரும். எந்தச் சொல் நினைவில் இருந்தாலும் தலைப்பைத் தேடி எடுத்துவிடலாம். இதை யாரிடம் கொடுத்தாலும் படிப்பது, சுழற்றுவது, அடுக்குவது, அச்சிடுவது என்று வேலை நடக்கும் வரிசையிலேயே நான்கு மாட்யூல்களும் அவற்றை இயக்க ஒன்றுமாக எழுதுவார்கள். பார்னஸும் முதலில் அப்படியே பிரித்துக் காட்டுகிறார். அடுத்து இன்னொரு பிரிப்பைத் தருகிறார். அதில் வரிகளைச் சேமித்து வைப்பதற்கென்றே ஒரு மாட்யூல் உண்டு, மற்ற யாரும் நினைவகத்தைத் தொடக்கூடாது, இத்தனையாவது வரியில் இத்தனையாவது சொல்லின் இத்தனையாவது எழுத்து எது என்று அதனிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இரண்டும் சரியாக ஓடும். பிறகுதான் அவர் தம் கேள்வியை வைக்கிறார்: நாளை ஒரு தீர்மானம் மாறினால் எத்தனை மாட்யூல்களைத் திறக்க வேண்டும்? அவர் காலத்தில் நினைவகச் சொல் ஒன்றுக்கு நான்கு எழுத்து என்று அடைத்து வைப்பது வழக்கம். முதல் பிரிப்பில் அந்த அடைப்பு முறையை எல்லா மாட்யூல்களும் அறிந்திருப்பதால், அது மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் திருத்தினால் போதும். மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை. வேலை நடக்கும் வரிசையைக் காட்டும் ஓட்டப்படத்தைப் பார்த்து மாட்யூல் பிரிப்பது அநேகமாக எப்போதும் தவறு. இதுதான் அவர் முடிவு.

இதே பயிற்சியைத் தமிழில் செய்து பார்த்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது. 'கொ' நமக்கு ஓரெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் அது ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக இரண்டு குறியெண்கள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். குறியெண்ணை எழுத்தாக எண்ணும் தீர்மானம் முதல் பிரிப்பில் சுழற்றுகிறவர், அடுக்குகிறவர், அச்சிடுகிறவர் எல்லோருக்குள்ளும் பரவிக் கிடக்கும். இரண்டாவது பிரிப்பில் சேமிப்பு மாட்யூல் ஒன்று மட்டும் எழுத்து என்றால் என்ன என்பதைத் திருத்திக்கொள்ளும். அடுக்குவதும் இப்படித்தான். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் 'மனம்' முந்தியும் 'மரம்' பிந்தியும் வரும். நாம் படித்த அகரவரிசையில் மரம்தான் முதலில். 'பகல்', 'பக்கம்' இரண்டையும் கொடுத்தால், மெய் முந்த வேண்டிய இடத்தில் புள்ளிக் குறியின் எண் பெரிதாக இருப்பதால் மறுபடியும் தலைகீழாகும். அகரவரிசையைப் பற்றிய அறிவு முழுவதும் அடுக்கும் மாட்யூலுக்குள்ளேயே அடங்கியிருந்தால் இதைத் திருத்துவது ஒரு பிற்பகல் வேலை. நம் கோயில் உறுப்பினர் பட்டியல்களையும் தமிழ்ப் பள்ளி மாணவர் பெயர்களையும் மென்பொருளில் ஏற்றியவர்கள் இந்தச் சிக்கலை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

கட்டுரைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. அதன் மொழியில் 1972-இன் நினைவக நெருக்கடி தெரிகிறது. இரண்டாவது பிரிப்பை அப்படியே எழுதினால் ஓயாத அழைப்புகளால் வேகம் குறையும் என்று அவரே ஒப்புக்கொண்டு சொல்லும் பரிகாரம் இன்று நமக்குத் தேவைப்படாது. எடுத்துக்காட்டு மிகச் சிறியது என்ற புகாரும் சரியே. ஆயினும் இன்று பல அலுவலகங்களில் ஆர்டரை வாங்கும் சேவை, சரிபார்க்கும் சேவை, விலை போடும் சேவை, ரசீது அனுப்பும் சேவை என்று வேலை நடக்கும் வரிசையிலேயே மைக்ரோசர்வீஸ்களைப் பிரித்துவிட்டு, ஒரே தரவு அட்டவணையின் வடிவத்தை எல்லாவற்றுக்குள்ளும் எழுதி வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் ஒரு நெடுவரிசை மாறினால் நான்கு குழுக்கள் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. பார்னஸ் முதல் பிரிப்பில் காட்டிய பிழை அதேதான், மாட்யூல்களுக்கு இடையில் இப்போது ஒரு நெட்வொர்க் வேறு வந்துவிட்டது.

ஆகவே என் வாக்கு பார்னஸுக்கு. லாம்போர்ட்டின் கருத்து இதைவிட ஆழமானது, காட் கட்டுரையின் தாக்கம் இதைவிடப் பரந்தது, இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வடிவமைப்புகளை அருகருகே வைத்து, மாற்றம் வரும்போது எது தாங்கும் என்று வாசகர் கண்முன் எடைபோடுவது பார்னஸ் ஒருவர்தான். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற நான்கையும் அதே கேள்வியோடு அணுகலாம். காட் சொல்வதும் ஒரு வகையில் ஒளித்து வைப்பதைப் பற்றியதே, தரவு அடுக்கப்பட்ட விதத்தை. இரண்டாம் கூட்டத்துக்கு லாம்போர்ட்டின் முற்பாதி, மூன்றாவதற்குக் காட் கட்டுரையின் முதல் பகுதி, அதன் பிறகு டைனமோ என்று போகலாம். தாம்ப்சன் மூன்றே பக்கம் என்பதால் தனிக் கூட்டம் வேண்டியதில்லை. எந்த மாதம் ஆள் குறைகிறதோ அந்த மாதம் அங்கேயே உட்கார்ந்து உரக்கப் படித்துவிடலாம்.

கணினி அறிவியலாளர்களின் சங்கமான ஏசிஎம் அமைப்பு 1951 முதல் 2000 வரையிலான தன் வெளியீடுகளை 2022 ஏப்ரலில் இலவசமாகத் திறந்துவிட்டது. எனவே பார்னஸ், லாம்போர்ட், காட், தாம்ப்சன் நால்வரையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். மொபைல் டேட்டா செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஆறு பக்கத்தையும் நான் அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். வருகிறவர்கள் தங்கள் அலுவலக நிரலின் மாட்யூல் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் தீர்மானத்தை அறிந்திருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தால், கட்டுரையைப் படித்து முடித்த கையோடு அந்தத் தாள்களை வைத்துப் பேசலாம்.